கயரை இனிப்பாக்கும் கைகள்: யப்பானியரின் காக்கிப் பழம்



ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் யப்பானியக் கிராமங்களில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். குளிர் தொடங்கி மரங்களின் இலைகள் உதிர்ந்துவிட்டிருக்கும். வீட்டு வளவுகளில் நிற்கும் ஒரு மரத்தில் மட்டும் கிளை நிறையச் செம்மஞ்சள் நிறப் பழங்கள் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தக்காளிப் பழங்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது போலிருக்கும். இதுதான் யப்பானியர் ‘காக்கி’ என்று அழைக்கும் பழம். உலகச் சந்தையில் இதற்குப் பேர்சிமன் என்று பெயர்.

காக்கி என்றதும் எமக்குச் சீருடைதான் நினைவுக்கு வரும். அந்தக் காக்கிக்கும் இந்தப் பழத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. இது யப்பானிய மொழியில் பழத்தின் சொந்தப் பெயர்.

ஒரு பழத்தைப் பற்றி இவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். காக்கி மரங்களில் பெரும்பகுதி தருவது வாயில் வைக்க முடியாத கயர்ப்புக் காய். அதை எறிந்துவிடாமல், அதிலிருந்தே மிக இனிப்பான உணவைச் செய்யப் பல நூற்றாண்டுகளாக அந்நாட்டு மக்கள், குறிப்பாக வீட்டுப் பெண்கள், கற்றுவைத்திருக்கிறார்கள். பழம், இலை, தோல், காம்பு, கயர் என்று எதையும் அவர்கள் வீணாக்கவில்லை. போரினாலும் பேரழிவினாலும் இந்த மரம் பட்ட பாடும் அதிலிருந்து மீண்ட விதமும் நாம் அறிந்திருக்க வேண்டியவை.

எங்கள் பனிச்சையின் உறவு

காக்கி மரத்தின் பூர்வீகம் கிழக்காசியா. சீனாவிலும் கொரியாவிலும் யப்பானிலும் இது மிகப் பழைய காலந்தொட்டு வளர்க்கப்படுகிறது. இன்றும் உலகில் அதிகம் விளைவிக்கும் நாடு சீனாதான். யப்பானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் தொன் விளைகிறது. வக்காயாமா, நாரா, புக்குவோக்கா ஆகிய மாகாணங்கள் இதில் முன்னிற்கின்றன.

இந்த மரம் எமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. தாவரவியலாளர் இதனை டயோஸ்பைரோஸ் என்னும் பேரினத்தில் வைக்கின்றனர். இலங்கைக் காடுகளின் பெருமையான கருங்காலியும் அதே இனம். ஆற்றோரங்களிலும் குளக்கரைகளிலும் வளரும் பனிச்சையும் அதே இனம். வாகரைப் பக்கத்துப் பனிச்சங்கேணி என்ற ஊர்ப்பெயரைக் கேட்டவர்களுக்கு அந்த மரத்தின் பெயர் புதிதாக இராது. அதனால்தான் தமிழில் காக்கியைச் ‘சீமைப் பனிச்சை’ என்றும் சொல்வார்கள்.

இனிப்பு இனம், கயர்ப்பு இனம்

யப்பானியர் காக்கியை இரண்டு வகையாகப் பிரிக்கின்றனர். ஒன்று ‘அமகாக்கி’ என்னும் இனிப்புக் காக்கி. மற்றது ‘ஷிபுகாக்கி’ என்னும் கயர்க் காக்கி.

இனிப்பு இனம் மரத்திலேயே கயர் நீங்கிப் பழுக்கும். அப்பிளைப் போலத் தோல் சீவி, மொறுமொறுப்பாக வெட்டிச் சாப்பிடலாம். இன்றைய கவாசாக்கி நகரத்தில் உள்ள ஓசென்ஜி என்ற விகாரையின் மலைப்பகுதியில் 1214 ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ‘சென்ஜிமாரு’ என்ற இனமே யப்பானின் மிகப் பழைய இனிப்புக் காக்கி எனக் கருதப்படுகிறது. இன்று கடைகளில் அதிகம் விற்பனையாவது கிபு மாகாணத்தில் தோன்றிய ‘புயூ’ என்ற இனம்.

கயர் இனம் பார்வைக்கு இதைப் போலவே அழகானது. ஆனால் ஒரு கடி கடித்தால் நாக்கும் மேல்வாயும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிஞ்சு வாழைக்காயைப் பச்சையாகக் கடித்ததைப் போலப் பல மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் காரணம் பழத்திலுள்ள தனின் என்ற பொருள். அது எச்சிலில் கரைந்து அங்குள்ள புரதத்தோடு சேர்ந்துகொள்வதால் வாய் வறண்டு சுருங்குகிறது.

இதில் ஒரு வியப்பு உண்டு. பல கயர் இனங்களில் இனிப்பு இனங்களைவிடச் சீனிச்சத்து அதிகம். கயர் மறைத்துக்கொண்டிருப்பதால் அந்த இனிப்பு நாவுக்குத் தெரிவதில்லை. அத்துடன் இனிப்பு இனத்தைக் குளிர் அதிகமான வடபகுதிகளில் நட்டால் அதன் கயர் முழுதாக நீங்குவதில்லை. எனவே வடபகுதி மக்களுக்குக் கயர்க் காக்கியை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. அதைத் திருத்தி உண்ணும் வழிகளை அவர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

கயர் போக்கும் வழிகள்

முதலாவது வழி, பொறுத்திருப்பது. கயர்க் காக்கியை நன்றாகக் கனிய விட்டால் உள்ளே சதை கூழ் போலாகிக் கயர் தானாகவே நீங்கும். அப்படிக் கனிந்த பழத்தை வெட்ட முடியாது. மேற்பக்கத்தைத் திறந்து கரண்டியால் அள்ளித்தான் உண்ண வேண்டும்.

இரண்டாவது வழி, வெந்நீர். ஏறத்தாழ 40 பாகை சூட்டில், அதாவது கை பொறுக்கும் வெந்நீரில், பழங்களை ஓர் இரவு முழுவதும் வைத்திருப்பார்கள். சூடு தணிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் உள்ள சிரமம்.

மூன்றாவது வழி, மதுசாரம். பழத்தின் காம்புப் பகுதியை மட்டும் ‘ஷோச்சு’ என்ற வடித்த மதுவில் நனைத்து, பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி ஒரு வாரமளவில் வைத்துவிடுவார்கள். திறக்கும்போது பழம் இறுக்கமாகவே இருக்கும், கயர் போயிருக்கும். முன்னைய நாட்களில் மது ஊற்றிவைத்த பழைய மரப்பீப்பாய்களுக்குள் பழங்களை அடுக்கி மூடியும் இதைச் செய்தார்கள். இன்று பெருமளவில் விற்பனைக்கு அனுப்பும் நிலையங்கள் காபனீரொட்சைட்டு வாயு நிரப்பிய அறைகளில் பழங்களை வைத்து ஓரிரு நாட்களில் கயரைப் போக்கிவிடுகின்றன.

இந்த வழிகளில் நடப்பது என்ன? பழம் மூச்சுவிட முடியாத நிலையிலோ மதுசாரம் பட்ட நிலையிலோ அதற்குள் அசற்றல்டிகைட்டு என்ற பொருள் உண்டாகிறது. அது தனினைப் பிணைத்து நீரில் கரையாத கட்டியாக மாற்றுகிறது. கரையாத தனின் நாக்கைத் தொடுவதில்லை, எனவே கயர்ப்பும் தெரிவதில்லை. கயர் பழத்தை விட்டு வெளியேறவில்லை என்பதைக் கவனியுங்கள். அது உள்ளேயே இருக்கிறது. ஆனால் வருத்த முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. காக்கியை வெட்டும்போது சதையில் எள்ளுப் போலத் தெரியும் கபிலப் புள்ளிகள் அப்படிக் கட்டுண்ட தனினே.

தாழ்வாரத்தில் தொங்கும் மாலைகள்

கயர்க் காக்கியின் உச்சப் பயன் ‘ஹோஷிகாக்கி’ எனப்படும் உலர்பழம். கரும்புச் சீனி எட்டாத விலையில் இருந்த காலத்தில் யப்பானியக் குடும்பங்களுக்கு இனிப்பென்றால் அது இந்த உலர்பழந்தான். பனங்களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்துப் பனாட்டாகச் சேமித்த எமது மூத்த பெண்களுக்கு இந்த வேலையின் அருமை நன்றாகப் புரியும்.

செய்யும் முறை இதுதான்:

• நிறம் வந்து இன்னமும் இறுக்கமாக உள்ள கயர்ப் பழங்களைப் பறிக்கும்போது காம்போடு சிறு கிளைத்துண்டையும் சேர்த்து வெட்டுவார்கள். கயிறு கட்ட அது கொளுக்கி போல உதவும்.

• காம்பைச் சுற்றியுள்ள இலை போன்ற பகுதியை விட்டுவிட்டுத் தோலை முழுவதும் சீவுவார்கள்.

• ஒரு கயிற்றில் இடைவெளி விட்டுப் பழங்களைக் கட்டுவார்கள். ஒரு பழம் மற்றதில் முட்டக் கூடாது. முட்டினால் அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

• கொதிநீரில் ஐந்து முதல் பத்து விநாடிகள் வரை அமிழ்த்தி எடுப்பார்கள். இது மேற்பரப்பிலுள்ள கிருமிகளை அழிக்கும்.

• மழை படாத, வெயிலும் காற்றும் படுகின்ற தாழ்வாரத்தில் தொங்கவிடுவார்கள்.

• ஒரு வாரமளவில் மேற்பகுதி தோல் போலக் காய்ந்துவிடும். அப்போது ஒவ்வொரு பழத்தையும் விரல்களால் மெதுவாகப் பிசைந்துவிடுவார்கள். சில நாட்களுக்கு ஒரு தடவை இது தொடரும். பிசைவதால் உள்ளிருக்கும் ஈரம் வெளிப்பக்கம் வரும், சதை மென்மையாகும்.

• நான்கு முதல் ஆறு வாரங்களில் பழம் சுருங்கிக் கருஞ்சிவப்பாகும். பின்னர் அதன் மேல் மா தூவியது போல வெண்மை படரும். அது பூஞ்சணமல்ல. பழத்திலுள்ள சீனி வெளியே வந்து படிந்தது.

இந்த வேலைக்குக் குளிர்ந்த, உலர்ந்த காற்று தேவை. குளிர் பிந்தினால், மழை தொடர்ந்தால், பல நாள் உழைப்புப் பூஞ்சணத்தில் போய்விடும். ஆகவே அறுவடைக் காலத்தில் குடும்பமே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெளிவேலை முடிந்து இரவில் பாட்டியும் மகளும் மருமகளும் சுற்றியிருந்து தோல் சீவுவது கிராம வீடுகளின் வழமையாக இருந்தது. இன்று தோல் சீவுவதற்கு இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆயினும் பழத்தைப் பிசையும் பக்குவத்தை இன்றும் பலர் கையாலேயே செய்கின்றனர்.

ஊருக்கு ஊர் இதன் பெயரும் பக்குவமும் வேறுபடும். நாகானோ மாகாணத்து ‘இச்சிதாகாக்கி’ சிறியது, வெண்மை நன்றாகப் படர்ந்தது. 2016 இல் அதன் பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்புக் கிடைத்தது. அதாவது வேறு ஊரில் செய்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது. கிராமத்துக் கைப்பக்குவம் ஒன்று இவ்வாறு சட்டத்தின் காவலைப் பெறும்போது அதைச் செய்கிறவருக்கு நல்ல விலையும் கிடைக்கிறது.

அடுக்களையில் காக்கி

யப்பானியர் பழக் காக்கியைப் பெரும்பாலும் சமைப்பதில்லை. தோல் சீவி, நான்காக வெட்டி, சாப்பாட்டுக்குப் பின் தேநீருடன் பரிமாறுவார்கள். இருந்தாலும் சில நாட்டுக் கறிகளில் அதற்கு இடம் உண்டு.

‘ஷிராஆயே’ என்பது சோயா அவரையிலிருந்து செய்த தோஃபுக் கட்டியை நீர் வடித்து மசித்து, அரைத்த எள்ளும் சிறிது சீனியும் உப்பும் சேர்த்து, அதில் காக்கித் துண்டுகளைப் பிரட்டி எடுக்கும் உணவு. எள்ளின் மணமும் பழத்தின் இனிப்பும் ஒன்றுசேரும்.

புத்தாண்டு நாளில் ‘நமாசு’ என்ற சம்பல் செய்வார்கள். முள்ளங்கியையும் கரட்டையும் மெல்லிய ஈர்க்குகளாக வெட்டி உப்பிட்டுப் பிழிந்து, வினாகிரியும் சீனியும் சேர்ப்பார்கள். உலர்ந்த காக்கியைக் கீலங்களாக வெட்டிச் சேர்த்தால் புளிப்புக்கு நடுவே இனிப்புத் தட்டுப்படும். உலர்பழத்தின் வயிற்றைத் திறந்து உள்ளே செஸ்ட்நட் விதை மசியலையோ தேசி இனப் பழத்தோலையோ வைத்துச் சுருட்டி வெட்டிப் பரிமாறுவதும் உண்டு.

புத்தாண்டில் வீட்டில் வைக்கும் அரிசிமா உருண்டைப் படையலின் மேல், சில பகுதிகளில், ஈர்க்கில் கோத்த பத்து உலர் காக்கிகளை வைப்பார்கள். இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு பழங்கள், நடுவில் ஆறு பழங்கள். ‘இரண்டு’ என்ற சொல்லும் ‘புன்னகை’ என்ற சொல்லும் யப்பானிய மொழியில் ஒத்தொலிக்கும். ‘ஆறு’ என்ற சொல் ‘ஒற்றுமை’ என்ற சொல்லின் தொடக்கம் போல ஒலிக்கும். வெளியே புன்னகை, உள்ளே ஒற்றுமை என்பது அதன் பொருள். வருகின்ற ஆண்டில் குடும்பம் எப்படி இருக்க வேண்டும் என்ற வேண்டுதலைச் சொல்லாமல் சொல்லும் படையல் இது.

நாரா மாகாணத்தின் யோஷினோ மலைப்பகுதியில் காக்கி இலைக்கும் வேலை உண்டு. கடல் இல்லாத அந்த ஊருக்கு முன்னர் கரையோரத்திலிருந்து உப்பிட்ட கானாங்கெளுத்தி மீன் மலைப்பாதையால் சுமந்து வரப்பட்டது. உப்புக் கூடிய அந்த மீனை மெல்லிய துண்டாக வெட்டி, சோற்றுருண்டையின் மேல் வைத்து, காக்கி இலையால் பொதிந்து, பெட்டியில் அடுக்கிக் கல்லேற்றி வைப்பார்கள். இலையின் தனின் உணவு விரைவில் பழுதாகாமல் காக்கும், நல்ல மணமும் தரும். கோடைத் திருவிழாவுக்கு வீடுகளில் செய்த இந்தப் பொதிச்சோறு இன்று புகையிரத நிலையங்களில் விற்பனையாகும் அளவுக்குப் பெயர்பெற்றுவிட்டது.

இளம் இலையை அவித்து உலர்த்தித் தேநீராகவும் குடிப்பார்கள். விழுந்த பழம், வடிவு கெட்ட பழம் எல்லாம் சாடிக்குள் போய்ச் சில மாதங்களில் வினாகிரியாகும். சீவிய தோலைக்கூட எறிவதில்லை. அதைக் காயவைத்து, தவிட்டில் முள்ளங்கி ஊறுகாய் போடும்போது சேர்ப்பார்கள். ஊறுகாய்க்கு இனிப்பும் மஞ்சள் நிறமும் அதிலிருந்து கிடைக்கும்.

கயருக்கும் ஒரு பயன்

உண்ண முடியாத கயரையே தனியாக எடுத்துப் பயன்படுத்தும் கைத்தொழிலும் யப்பானில் உண்டு. கோடையின் இறுதியில் பச்சைக் காய்களைப் பறித்து, இடித்துப் பிழிந்து, சாற்றைப் புளிக்கவைத்து ஓராண்டோ அதற்கு மேலோ வைத்திருப்பார்கள். இதுவே ‘காக்கிஷிபு’. மணம் கடுமையானது. ஆனால் இதைப் பூசிய காகிதம் உறுதியாகும், நீரில் எளிதில் ஊறாது. மரம் உக்காது. துணி அழகிய கபில நிறம் பெறும்.

காகிதக் குடை, விசிறி, அரிசி மது பிழியும் பை, கிமோனோத் துணிக்கு அச்சுப் பதிக்கும் வெட்டுக் காகிதம் என்று பலவற்றுக்கு இந்தச் சாறு வேண்டியிருந்தது. மீன்பிடி வலைகளையும் இதில் தோய்த்தார்கள். எங்கள் பக்கத்திலும் பனிச்சங்காயை இடித்த சாற்றில் வலைகளைத் தோய்த்துக் காயவைக்கும் வழக்கம் நைலோன் வலை வரும்வரை இருந்தது. கடலால் பிரிந்த இரு நாடுகளின் கரைவாழ் மக்கள் ஒரே இனத்து மரத்தின் கயரை ஒரே தேவைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

நைலோனும் பிளாஸ்ரிக்கும் வந்தபின் காக்கிஷிபுத் தொழில் நலிந்தது. அண்மைக் காலத்தில் மரத்தளபாடங்களுக்குப் பூசும் இயற்கைப் பூச்சாகவும், துணிச் சாயமாகவும், சவர்க்காரத்தில் சேர்க்கும் பொருளாகவும் அது மீண்டும் வரவேற்புப் பெற்றுள்ளது.

நாகசாகியில் தப்பிய மரம்

1945 ஓகஸ்ட் 9 ஆந் திகதி முற்பகல் 11.02 மணிக்கு நாகசாகி நகரின் மேல் அணுகுண்டு வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அந்த நெருப்பில் அகப்பட்டு உடல் கருகிய நிலையிலும் ஒரு காக்கி மரம் உயிரோடு நின்றது.

பல ஆண்டுகள் அது அப்படியே நலிந்து நின்றது. 1994 இல் மசயூகி எபினுமா என்ற மர வைத்தியர் அதற்குச் சிகிச்சை அளித்தார். மரம் தேறியது. அதன் விதைகளிலிருந்து நாற்றுகளை வளர்க்கவும் அவரால் முடிந்தது. நாகசாகிக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்த நாற்றுகளைச் சமாதானத்தின் அடையாளமாகக் கொடுக்கத் தொடங்கினார்.

இதைக் கேள்விப்பட்ட தட்சுவோ மியாஜிமா என்ற கலைஞர் அவருடன் சேர்ந்து இந்த நாற்றுகளைப் பல இடங்களில் நடும் திட்டத்தை ஆரம்பித்தார். 1996 இல் டோக்கியோவின் தைத்தோ பகுதியில், மூடப்பட்ட ஆரம்பப் பாடசாலை ஒன்றின் வளவில் முதல் நாற்று நடப்பட்டது. அதன் பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இம்மரத்தின் பிள்ளைகள் நடப்பட்டுள்ளன. நடுவதும் நீர் ஊற்றிப் பராமரிப்பதும் சிறுவர்களே. மரம் ஏன் அங்கே நிற்கிறது என்று அடுத்து வரும் பிள்ளைகளுக்குச் சொல்வதும் அவர்களே. நடந்ததை மறைக்காமலும் பிள்ளைகளைப் பயமுறுத்தாமலும் போரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க அந்த மரம் ஒரு வழியாகிவிட்டது.

மரங்களைக் கழுவிய குளிர்காலம்

புக்குஷிமா மாகாணத்தின் டாத்தே பகுதி ‘அம்போகாக்கி’ என்ற மென்மையான உலர்பழத்துக்குப் பெயர்போனது. 1920 களில் அங்குள்ளவர்கள் கந்தகப் புகையூட்டி உலர்த்தும் முறையை உருவாக்கினார்கள். பழம் கறுக்காமல் செம்மஞ்சள் நிறத்துடன், உள்ளே களி போல இருக்கும். குளிர்காலத்தில் வயல் வேலை இல்லாத குடும்பங்களுக்கு அதுவே வருமானம்.

2011 மார்ச் 11 இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. ஆழிப்பேரலை என்றால் என்ன என்று எமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே அதைத் தொடர்ந்து அணுமின் நிலையமும் வெடித்துக் கதிரியக்கப் பொருட்கள் காற்றில் பரவின. டாத்தேயின் மரங்களிலும் சீசியம் படிந்தது. உலரும்போது பழத்தின் நிறை குறையக் குறைய, அதிலுள்ள சீசியத்தின் செறிவு கூடும். எனவே 2011 இலும் 2012 இலும் அம்போகாக்கி செய்து விற்பது நிறுத்தப்பட்டது. கிளை நிறைய விளைந்த பழங்களைப் பறித்து எறிய வேண்டியதாயிற்று.

கமக்காரர்கள் மரங்களை வெட்டிவிட்டுப் போகவில்லை. முதலாவது குளிர்காலத்திலேயே, உறைபனிக்குள் நின்று, அமுக்கம் கூடிய நீரைப் பாய்ச்சி ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் கழுவினார்கள். பட்டையைச் சுரண்டி எடுத்தார்கள். 2013 இல் தெரிவு செய்த சில இடங்களில் மட்டும் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. பொதிகளைக் கருவியில் வைத்துப் பரிசோதித்த பின்னரே சந்தைக்கு அனுப்பினார்கள். அதன் பின் ஆண்டுதோறும் அனுமதிக்கப்பட்ட இடங்கள் கூடின. ஆனாலும் வயது முதிர்ந்த பலர் அந்த இடைவெளியில் தொழிலைக் கைவிட்டுவிட்டனர். இழந்ததெல்லாம் திரும்பி வரவில்லை. திரும்பி வந்தது, விடாமல் மரத்தைக் கவனித்தவர்களின் உழைப்பால் வந்தது.

உடல் நலத்துக்கு

காக்கி சிவந்தால் வைத்தியரின் முகம் வெளிறும் என்று யப்பானில் ஒரு பழமொழி உண்டு. பழக்காலத்தில் நோயாளிகள் குறைந்துவிடுவார்களாம். 100 கிராம் இனிப்புக் காக்கியில் ஏறத்தாழ 70 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. விற்றமின் ஏ ஆக மாறும் கரோட்டினும் நார்ச்சத்தும் உண்டு. உலர்த்தும்போது விற்றமின் சி பெரும்பாலும் அழிந்துவிடும். ஆனால் நார்ச்சத்து 100 கிராமுக்கு ஏறத்தாழ 14 கிராமாக உயரும். சக்தியும் நான்கு மடங்குக்கு மேல் கூடி ஏறத்தாழ 270 கலோரியாகும். காம்புத் தட்டை அவித்த நீரை விக்கலுக்குக் கொடுப்பது கிழக்காசிய நாட்டு வைத்தியம்.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. உலர்பழத்தில் சீனி செறிந்திருப்பதால் நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு உண்ண வேண்டும். காக்கியை, குறிப்பாகக் கயர் நீங்காத பழத்தை, வெறும் வயிற்றில் அதிகம் உண்டால் தனின் இரைப்பையில் திரண்டு கல் போலாகிவிடக் கூடும். ஆகவே சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போதும்.

உச்சியில் விட்ட பழம்

யப்பானியப் பிள்ளைகள் கேட்டு வளரும் கதை ஒன்றில், நண்டு தன் சோற்றுருண்டையைக் குரங்கிடம் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக ஒரு காக்கி விதையை வாங்கிக்கொள்கிறது. உண்டால் அப்போதே தீர்ந்துவிடும் சோற்றுக்குப் பதிலாக, காத்திருக்க வேண்டிய ஒரு விதை. பீச்சும் செஸ்ட்நட்டும் காய்க்க மூன்று ஆண்டு, காக்கிக்கு எட்டு ஆண்டு என்பது அவர்களது இன்னொரு பழமொழி. வீட்டு வளவில் காக்கி நடுகிறவர் பெரும்பாலும் பிள்ளைகளுக்காகவே நடுகிறார்.

இன்று அந்நாட்டுக் கிராமங்களில் இளையோர் குறைந்துவிட்டனர். பறிக்க ஆளில்லாமல் மரத்திலேயே விடப்படும் பழங்களைத் தேடிக் கரடிகள் ஊருக்குள் வருவது பெரும் பிரச்சினையாகியுள்ளது. வீட்டார் கைவிட்ட மரங்களை வெட்டும்படி உள்ளூராட்சி மன்றங்கள் கேட்டுக்கொள்கின்றன. ஒரு மரம் உணவாவதும் இடராவதும் அதைக் கவனிக்கும் கைகள் இருப்பதையும் இல்லாததையும் பொறுத்தது.

அறுவடையின்போது யப்பானியர் எல்லாப் பழங்களையும் பறித்துவிடுவதில்லை. உச்சிக் கிளையில் ஒன்றிரண்டை விட்டுவிடுவார்கள். ‘கிமாமோரி’, அதாவது மரத்தின் காவல் என்று அதற்குப் பெயர். அடுத்த ஆண்டும் நன்றாகக் காய்க்க வேண்டும் என்பது ஒரு வேண்டுதல். பனிக்காலத்தில் பசித்து வரும் குருவிக்கும் ஏதாவது இருக்கட்டும் என்பது இன்னொரு நினைப்பு. தங்களுக்கே போதாத காலங்களிலும் அவர்கள் இந்த வழக்கத்தை விடவில்லை. சகோதரிகளே, எங்கள் வளவுகளிலும் மாமரத்தின் உச்சியில் எட்டாத பழத்தை அணிலுக்கென்று விட்டுவிட்ட பாட்டிமார் இருந்தார்கள். அவர்கள் அறிந்திருந்த பக்குவங்களையும் சேமிப்பு முறைகளையும் கேட்டு எழுதிவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது இன்று எங்கள் கையில் இருக்கிறது.